ஆற்காட்டு நவாபும் புதுக்கோட்டையும்

நுழையும்முன்

ஓர் அரசு எவ்வாறு எழுகிறது, எவ்வாறு வீழ்கிறது என்னும் வினாவிற்குப் போர்க்களங்களில் மட்டும் விடை தேடினால் பாதி விடையே கிடைக்கும். மீதி விடை நெற்களஞ்சியங்களிலும் கணக்கேடுகளிலும் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தின் பெரும்பகுதியை ஆண்ட ஆற்காட்டு நவாபுகள் இசுலாமியர். அவர்தம் குடிகளுள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அவ்வரசை இடர்க்காலத்தில் தாங்கிய ஊர்களுள் ஒன்று புதுக்கோட்டை. இவ்விரண்டின் உறவையும், அவ்வரசு உயர்ந்து தாழ்ந்த முறையையும் இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

ஏட்டில் எஞ்சிய சொற்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம், குளத்தூர், அறந்தாங்கி முதலிய வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ‘ஜமாபந்தி’ நடைபெறும். வருவாய்த் தீர்வாயம் என்பது அதன் தமிழ்ப்பெயர். ஊர்க்கணக்குகள் அங்கே மேசைமேல் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் முகப்பில் ஆங்கில ஆண்டோடு மற்றோர் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். அதுவே பசலி ஆண்டு. சூலை முதல் நாளில் பிறந்து மறு ஆண்டு சூன் இறுதியில் முடியும் அக்கணக்கின்படி, 2024 சூலையில் பிறந்தது பசலி 1434.

பசலி என்னும் சொல் அறுவடை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மொகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில், விளைச்சலையும் வரியையும் இணைத்துப் பார்ப்பதற்காக இவ்வாண்டு முறை வகுக்கப்பட்டது. தாலுகா, ஜில்லா, தாசில்தார், வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, கஜானா, வக்கீல், ராஜினாமா என நம் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட சொற்கள் பலவும் அந்த ஆட்சிமுறையோடு வந்தவையே. இவற்றுள் பெரும்பாலானவை வரியோடும் வழக்கோடும் தொடர்புடையவை என்பதை நோக்குக. ஓர் அரசு தன் குடிகளை எங்கே சந்தித்தது என்பதை, அது விட்டுச்சென்ற சொற்கள் காட்டிவிடுகின்றன. தில்லியில் எழுந்த ஒரு பேரரசின் சொற்கள் வெள்ளாற்றங்கரைச் சிற்றூரின் கணக்கேட்டிற்கு வந்து சேர்ந்தது எங்ஙனம்?

பேரரசின் தென்முனை

மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் 1686இல் பிசப்பூரையும் 1687இல் கோல்கொண்டாவையும் வென்றார். அவருடைய படைத்தலைவர் சுல்பிகர்கான், மராத்திய மன்னர் இராசாராம் தங்கியிருந்த செஞ்சிக் கோட்டையை 1690இல் முற்றுகையிட்டார். அம்முற்றுகை ஏறத்தாழ எட்டாண்டுகள் நீடித்து 1698இல் முடிந்தது. வென்ற நிலப்பகுதியில் வரி தண்டவும் அமைதி காக்கவும் அமர்த்தப்பட்ட பேராளரே ‘கருநாடக நவாப்’ எனப் பெயர் பெற்றார். அவர் தக்காணத்துச் சுபேதாருக்குக் கீழ்ப்பட்டவர்; சுபேதாரோ பேரரசருக்குக் கீழ்ப்பட்டவர்.

1707இல் ஔரங்கசீப் மறைந்தபின் தில்லியின் பிடி தளர்ந்தது. பேராளர்கள் மெல்ல மன்னர்களாயினர். 1710இல் பொறுப்பேற்ற சாதத்துல்லாகான் ஆற்காட்டைத் தலைநகராக்கி, தம் குடும்பத்தாரே தமக்குப்பின் ஆளும் நிலையை உருவாக்கினார். நவாபின் அவையில் பாரசீகம் ஆட்சிமொழி. ஆயினும், கணக்கும் வரியும் பார்த்த அலுவலர்களுள் இந்துக்கள் பலர் இருந்தனர். ஊர்களில் கணக்கரும் காவற்காரரும் நாட்டார்களும் முன்பிருந்தவாறே இருந்தனர். ஆட்சியின் உச்சி மாறியதேயன்றி அடித்தளம் மாறவில்லை. தமிழ் மண்ணில் நவாபின் அரசு வேரூன்ற முடிந்தமைக்கு இதுவே முதற்காரணம்.

அந்நாளில் சமயம் மட்டும் பகையையோ நட்பையோ வகுக்கவில்லை என்பதற்குச் செஞ்சியே சான்று. திறை செலுத்த மறுத்துச் சாதத்துல்லாகானை எதிர்த்துப் போரிட்டு 1714இல் உயிர்துறந்தார் தேசிங்குராசன். அவர் இராசபுத்திர மரபினர். அவருக்காகத் தன் திருமணக் கோலத்தோடே போர்க்களம் புகுந்து மாண்டதாக நாட்டுப்புறக் கதைப்பாடல் போற்றும் நண்பன் மகபத்கான் இசுலாமியர்.

புதுக்கோட்டையின் எழுச்சி

நவாபின் ஆட்சி உருப்பெற்ற அதே காலத்தில், அதற்குத் தெற்கே ஒரு சிற்றரசும் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி, தம் மைத்துனராகிய இரகுநாதராயத் தொண்டைமானிடம் 1686ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டைப் பகுதியை ஒப்படைத்தார். வடகிழக்கே தஞ்சை, வடக்கே திருச்சிராப்பள்ளி, தெற்கே இராமநாதபுரம் எனத் தன்னினும் பெரிய அரசுகளுக்கு நடுவே இருந்த சிறுநாடு அது. காவிரி பாயாத மண்; மழையையும் கண்மாயையும் நம்பிய வேளாண்மை. நாட்டின் பெரும்பகுதியைக் காடுகள் சூழ்ந்திருந்தன. பெரிய அரசு ஒன்றின் துணையின்றித் தனித்து நிற்றல் அரிது என்பதைத் தொண்டைமான்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

1736இல் நவாபின் மருமகனாகிய சந்தாசாகிபு, அரசி மீனாட்சியிடமிருந்து திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். அதனோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. நவாபின் அதிகாரம் புதுக்கோட்டையின் வாயிலுக்கே வந்து சேர்ந்தது.

சரிவின் தொடக்கம்

1740இல் மராத்தியப் படை கருநாடகத்தின்மேல் பாய்ந்தது. தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது, சந்தாசாகிபு சிறைப்பட்டார். நவாபின் குடும்பத்துப் பெண்டிரும் குழந்தைகளும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் அடைக்கலம் புகுந்தனர். வரியும் திறையும் பெற்றுவந்த அரச குடும்பம், கடற்கரை வணிகரின் மதிலுக்குள் பாதுகாப்புத் தேடியது. அக்காலப் புதுச்சேரியின் அன்றாட நிகழ்வுகளை ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு நமக்குக் காட்டுகிறது.

ஆறு ஆண்டுகளுக்குப்பின் அதனினும் பெரிய அதிர்ச்சி நேர்ந்தது. 1746இல் அடையாற்றங்கரையில் நவாப் அன்வருதீனின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை சிதறடித்தது. அச்சிறுபடையில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். எண்ணிக்கையைவிட ஒழுங்குபட்ட பயிற்சியும் விரைந்து சுடும் துப்பாக்கியும் வலியவை என்பது அன்று வெளிப்பட்டது. அதன்பின் அரியணைக்குப் போட்டியிட்ட ஒவ்வொருவரும் ஐரோப்பியப் படையை வாடகைக்கு அமர்த்த விரும்பினர். அந்த வாடகையே பின்னர் அரசை விழுங்கியது.

அரிசி சென்ற வழி

1749 ஆகத்து 3ஆம் நாள் ஆம்பூரில் அன்வருதீன் போரில் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தாசாகிபு கோட்டையைச் சூழ்ந்தார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி முகமது அலியின் பக்கம் நின்றது. 1751இல் இராபர்ட் கிளைவு ஆற்காட்டைக் கைப்பற்றிப் பகைவரின் கவனத்தைத் திருப்பிய செய்தியை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். ஆனால், முற்றுகைக்குள்ளான நகரத்தின் உயிர் வாளில் மட்டும் இல்லை, உலையிலும் இருக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு உணவு எங்கிருந்து வந்தது?

புதுக்கோட்டையை ஆண்ட விசயரகுநாதராயத் தொண்டைமான் (1730 – 1769) நவாபுக்குத் துணையாக 400 குதிரை வீரரையும் 3000 காலாள் வீரரையும் அனுப்பினார். தஞ்சையும் மைசூரும் முராரிராவின் மராத்தியப் படையும் அதே அணியில் சேர்ந்தன. 1752 சூனில் சந்தாசாகிபு தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்து கொல்லப்பட்டார். ஆயினும் போர் முடியவில்லை. திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகமது அலி மைசூருக்கு மறைவாக அளித்திருந்த வாக்கு காக்கப்படவில்லை. மைசூர்ப் படை பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து கோட்டையை மீண்டும் வளைத்தது. தஞ்சையின் நிலைப்பாடு அடிக்கடி தடுமாறியது. அந்நாளில் கோட்டைக்குப் பெரும்பாலும் உணவு கிடைத்த இடம் தொண்டைமான் நாடே. மூட்டை சுமந்த மாடுகள் புதுக்கோட்டைக் காட்டுப்பாதைகள் வழியாக, படைக் காவலோடு திருச்சிராப்பள்ளிக்குச் சென்றன.

அந்த உதவிக்கு விலை இருந்தது. 1754இல் பிரெஞ்சுப்படை தண்டிக்கும் நோக்கோடு தொண்டைமான் நாட்டிற்குள் நுழைந்தது. மக்கள் தம் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு காடுகளுக்குள் சென்றுவிட்டனர். படை கண்டவை ஆளில்லாத கூரை வீடுகளே. மன்னர் அளித்த வாக்கிற்காக வீட்டையும் வயலையும் விட்டுக் காட்டில் தங்கியவர்கள் பெயரறியா உழவர்கள். நவாபின் வெற்றியைப் பேசும்போது அவர்களையும் நினைத்தல் வேண்டும்.

தொண்டைமான் நவாபுக்குத் துணை நின்றது ஏன்? அவர்கள் ஒரே சமயத்தவர் அல்லர். ஒரே மொழியினரும் அல்லர். தஞ்சையும் இராமநாதபுரமும் தம்மை நெருக்காமல் காக்க, திருச்சிராப்பள்ளியில் நட்பான ஓர் அதிகாரம் தேவைப்பட்டது. நவாபுக்கோ தென்திசையில் உணவும் வழியும் தரும் நண்பர் தேவைப்பட்டார். தேவையில் தொடங்கிய உறவு, இடர்க்காலத்தில் சொல் தவறாமையால் உறுதிப்பட்டது. அரசியல் உறவுகளை இவ்வாறு அவற்றின் காலச்சூழலில் வைத்துப் பார்ப்பதே வரலாற்றறிவு.

சமயமும் அரசியலும்

இதற்கு மாறான நிகழ்வுகளும் அக்காலத்தில் உண்டு. மதுரையை ஆண்ட கான்சாகிபு எனும் யூசுப்கான் இசுலாமியர். அவர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தபோது, 1764இல் தூக்கிலிடப்பட்டார். 1772இல் நவாபின் படையும் கம்பெனியின் படையும் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவருடைய அரசி வேலுநாச்சியாருக்கு உதவியவர் மைசூரின் ஐதர் அலி. இசுலாமிய அரசர் ஒருவரால் நாடிழந்த இந்து அரசி, மற்றோர் இசுலாமிய அரசரின் துணையால் 1780இல் நாட்டை மீட்டார்.

மக்கள் வாழ்விலும் இத்தகைய ஊடாட்டம் இருந்தது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தார். புதுக்கோட்டைக்கும் திருமயத்திற்கும் இடையே சாலையோரத்தில் உள்ள காட்டுபாவா பள்ளிவாசலுக்கு இன்றும் இரு சமயத்தாரும் சென்று வேண்டுதல் செய்கின்றனர்.

இதனால் அக்காலம் குறையற்ற நல்லிணக்கக் காலம் என்று முடிவு செய்தல் கூடாது. போர் நடந்தபோது வயல் எரிந்தது. கோயில் மதில்கள் கோட்டைகளாயின. திருவரங்கத்தில் படைகள் பாசறை அமைத்தன. துன்பம் மிகுதியாகவே இருந்தது. ஆனால், அத்துன்பத்தை விளைத்தவை பெரும்பாலும் அதிகாரப் போட்டியும் வரித்தேவையுமே. சமயம் என்னும் ஒற்றைக் கோலால் அக்காலத்தை அளந்தால் அளவு பிழைபடும்.

கடனாற்றலும் கடன்படலும்

‘கடன்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று கடமை, மற்றொன்று திருப்பித் தர வேண்டிய பொருள். முதற்பொருளில் நின்று செய்வது கடனாற்றல். இரண்டாம் பொருளில் சிக்குவது கடன்படல். ஆற்காட்டு அரசின் வீழ்ச்சி இவ்விரு பொருளுக்கும் இடையே நிகழ்ந்தது எனலாம்.

1761இல் புதுச்சேரி வீழ்ந்ததோடு பிரெஞ்சுக்காரரின் ஆற்றல் ஒடுங்கியது. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகமது அலியைக் கருநாடக நவாபாக ஏற்றது. 1765இல் மொகலாயப் பேரரசரின் ஆணை, நிசாமின் மேலாண்மையிலிருந்தும் அவரை விடுவித்தது. ‘வாலாசா’ என்னும் பட்டத்தோடு அவர் சென்னை வந்து, 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்தார். வெளித்தோற்றத்தில் அவ்வரசின் உச்சநிலை அதுவே. உள்ளுக்குள் அரசு அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

திருச்சிராப்பள்ளியைக் காத்த போரின் செலவு முழுவதையும் கம்பெனி நவாபின் கணக்கில் எழுதியது. பின்னர் நடந்த போர்களின் செலவும் அதே கணக்கில் ஏறியது. அதனை அடைக்கப் பணமின்றி நவாப், கம்பெனியின் அலுவலர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். தொடக்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 36 வரை வட்டி இருந்தது. கம்பெனிக்கு அடைக்க வேண்டிய கடனுக்குக் கம்பெனி ஊழியரிடமே கடன்! கடனுக்கு ஈடாக ஒரு வட்டாரத்தின் வரிவசூல் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் வந்து நின்றவர் அரசனின் அலுவலர் அல்லர். கடன் கொடுத்தவரின் ஆள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நாட்டின் நலம் கருதும் அரசு, விளைச்சலில் ஒரு பங்கைக் கண்மாய்க் கரைக்கும் மடைக்கும் திருப்பித் தரும்; ஏனெனில், அடுத்த ஆண்டும் அதற்கு வரி வேண்டும். கடன் கொடுத்தவருக்கு அடுத்த ஆண்டைப் பற்றிய கவலை இல்லை. கரை பழுதுபட்டால் நீர் நிற்காது. நீர் இன்றேல் விளைச்சல் இல்லை. விளைச்சல் குன்றினால் வரி குன்றும். வரி குன்றினால் மீண்டும் கடன் வாங்க நேரும். இச்சுழலில் சிக்கிய அரசு மீள்வதரிது.

பணத்தேவை நவாபை அண்டை நாட்டின்மேல் படையெடுக்கத் தூண்டியது. 1773இல் கம்பெனியின் படைத்துணையோடு அவர் தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் கம்பெனி அதனை மன்னர் துளசாவிடம் திருப்பித் தந்தபோது, தஞ்சையின் விளைச்சல் தமக்கு அடைமானம் என்று பால் பென்பீல்டு என்னும் கம்பெனி ஊழியர் உரிமை கோரினார். அப்பூசலில் சென்னை ஆளுநர் பிகோ பிரபுவையே அவருடைய ஆட்சிக்குழுவினர் சிறைப்படுத்தினர். சிறைக்காவலிலேயே 1777இல் அவர் இறந்தார். கடன்காரர்களின் வலிமை அத்தகையது.

1785 பிப்ரவரி 28ஆம் நாள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கு இக்கடன்களைக் கண்டித்து நெடுநேரம் உரையாற்றினார். கருநாடகத்து ஏரிகளைக் கட்டிய முன்னோரின் தொலைநோக்கை அவ்வுரையில் அவர் எடுத்துரைத்தார். அந்நாட்டைக் கடன்காரர் உறிஞ்சுவதைச் சாடினார். அவர் ஐயம் பொய்க்கவில்லை. நவாபின் கடன்களை ஆராய 1805இல் அமைக்கப்பட்ட ஆணையத்தின்முன் 3 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. ஏறத்தாழ 27 இலட்சம் பவுன் மட்டுமே முறையான கடன் என ஏற்கப்பட்டது. பத்தில் ஒரு பங்குகூட மெய்க்கடன் அன்று!

உரிமை கைமாறுதல்

1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு கருநாடகத்தைப் பாழாக்கியது. அடுத்த ஆண்டு வரிவசூலைக் கம்பெனியே தற்காலிகமாக ஏற்றது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தென்பாளையங்களில் திறை தண்டும் உரிமையும் நவாபின் பெயரால் கம்பெனிக்குச் சென்றது. பெயர் நவாபுடையது, கை கம்பெனியுடையது.

இந்த உரிமை மாற்றத்தின் விளைவே பாஞ்சாலங்குறிச்சிப் போர். திறை தொடர்பான பூசல் முற்றி, 1799இல் கம்பெனிப்படை அக்கோட்டையைத் தாக்கியது. வீரபாண்டியக் கட்டபொம்மன் வடக்கே வந்து புதுக்கோட்டைக் காடுகளில் மறைந்திருந்தபோது, தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நவாபைக் காத்த அதே உறுதி, நவாபின் இடத்தில் கம்பெனி வந்து அமர்ந்தபின் கம்பெனிக்கே பயன்பட்டது. காடு மாறவில்லை, அக்காட்டில் அடைக்கலம் யாருக்கு என்பது மாறிவிட்டது. ஒரு காலத்தில் நன்மையாகத் தோன்றும் உறவு, அதிகாரம் கைமாறியபின் எவ்வாறு பொருள் மாறுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

வீழ்ச்சியும் எச்சமும்

1795இல் முகமது அலி மறைந்தார். திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் அவர் அடக்கம் இருக்கிறது. அவர் மகன் உம்தத்-உல்-உமரா 1801 சூலையில் இறந்தார். கம்பெனியின் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்த அவர் மகன் ஒதுக்கப்பட்டார். ஏற்ற அசீமுத்தௌலா நவாபாக்கப்பட்டார். சூலை 31ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கையால், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. நாடு முழுவதும் கம்பெனிக்கு என்றாயிற்று. பெரும்போர் எதுவுமின்றி, ஓர் ஏட்டில் இட்ட கையொப்பத்தால் ஆற்காட்டு அரசு முடிந்தது. 1855இல் பட்டத்து நவாப் ஆண்மகவின்றி மறைந்தபோது நவாப் பட்டமும் நீக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை அரசுடைமையாயிற்று. குடும்பத்தாருக்குப் பின்னர் ‘ஆற்காட்டு இளவரசர்’ என்னும் சிறப்புப் பெயர் வழங்கப்பட்டது.

சிறுநாடாகிய புதுக்கோட்டை நீடித்தது. 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதனைச் சார்ந்த ஊர்களையும் கம்பெனி தொண்டைமானுக்கு வழங்கியது. ஆண்டுக்கு ஒரு யானையைத் திறையாகத் தரவேண்டும் என்பது விதி. அந்த யானை கேட்கப்படவுமில்லை. 1836இல் அவ்விதியும் நீக்கப்பட்டது. ஆயினும், ஆற்காட்டைப் பற்றிய நோய் இங்கும் எட்டிப் பார்த்தது. இராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் அரண்மனைச் செலவும் கடனும் பெருகின. 1859இல் ஆங்கில அரசு அவருடைய சிறப்புப் பட்டத்தைப் பறித்தது. 1878இல் பொறுப்பேற்ற சேசையா சாத்திரியார் கணக்குகளைச் சீர்செய்தார், குளங்களைத் திருத்தினார், சாலைகளை அமைத்தார். நகரின் புதுக்குளம் அவர் பணியை இன்றும் நினைவூட்டுகிறது. கடன்பட்ட அரசு கடனாற்றும் அரசாக மீண்டது. 1948 மார்ச்சுத் திங்களில் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று.

வரலாறு உணர்த்துவது

ஆற்காட்டு அரசு எழுந்ததற்கும் வீழ்ந்ததற்கும் ஆள்வோரின் சமயம் காரணமன்று. வேற்றுச் சமயத்துக் குடிகளையும் சிற்றரசர்களையும் தன்னோடு பிணைத்துக்கொண்டபோது அது நின்றது. அதன் கோட்டையை முற்றுகையில் காத்தது, வேற்றுச் சமயத்தார் நாட்டிலிருந்து வந்த அரிசி. பின்னர், தன் வருவாய்க்கு உழவரை நோக்காமல் வட்டிக்கடைக்காரரை நோக்கியபோது அது சரிந்தது. குடிகளோடு உள்ள பிணைப்பை இழந்த அரசுக்கு எந்த வெளித்துணையும் நெடுநாள் உதவாது.

அடுத்தமுறை ஊர்க்கணக்கில் பசலி ஆண்டைக் காணும்போது, அச்சொல்லுக்கு அறுவடை என்பது பொருள் என நினைவுகொள்க. அறுவடையை மறந்த அரசு மறைந்துவிட்டது. அறுவடையின் பெயர் மட்டும் ஏட்டில் நிற்கிறது.

தெரியுமா?

பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால், அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1434 + 590 = 2024. உங்கள் வீட்டிலுள்ள பழைய நிலவரி ரசீதில் பசலி ஆண்டு இருந்தால், அது எந்த ஆண்டிற்குரியது எனக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கற்பவை கற்றபின்

1. வரி, வழக்கு, அலுவலகம் தொடர்பாக உங்கள் ஊரில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களைத் தொகுத்து, அவற்றிற்கு இணையான தமிழ்ச்சொற்களோடு பட்டியலிடுக.

2. ‘கடன்’ என்பதுபோல இருபொருள் தரும் சொற்கள் ஐந்தனை எழுதி, இரு பொருளிலும் தொடர் அமைக்க.

3. “தொண்டைமானின் துணை நவாபுக்கு நன்மை, கட்டபொம்மனுக்குத் தீமை.” இக்கூற்றை முன்வைத்து, ஒரு செயலை அதன் காலச்சூழலில் மதிப்பிடுவது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. உங்கள் ஊரில் உள்ள கண்மாய் அல்லது குளத்தின் கரை, மடை, வரத்துவாய்க்கால் ஆகியவற்றைப் பேணுவோர் யாவர் என்பதை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.